131ஐத் துரத்தியவரும் 148ஐக் கண்டு பயந்தவரும்: கல்லடி வீடொன்றில் ஒரு ட்ரெட்மில்

பின்னணி

மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வீடு. ஜூன் மாதம் தொடங்கி நவம்பர் மழை பிடிக்கும்வரை நடந்ததை எழுதுகிறேன். கணவருக்கு வயது 56, கணித ஆசிரியர். மனைவிக்கு 51, வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறவர். கணவரைச் சேர் என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். இருவரும் சம்மதித்திருக்கிறார்கள், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நான் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட். என்னைக் கூப்பிட்டது அக்காவின் தோள் வலிக்கு. நாலைந்து தடவை போன பிறகுதான் மேல்மாடி அறையில் ஒரு ட்ரெட்மில் நிற்பதே எனக்குத் தெரியவந்தது. அதன் கைபிடியில் துணி காயப்போட்டிருந்தது.

மெஷின் வந்த கதை இது. அக்காவின் தமையன் முந்தின ஆண்டு 53 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார். கனடாவிலிருக்கும் மகன் அந்தப் பயத்தில் காசு அனுப்பி, மெஷினும் ஆளுக்கொரு ஸ்மார்ட் வாட்சும் வாங்கவைத்தார். பழைய பாலத்தில் காலையும் மாலையும் நடக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே போகலாமே என்று கேட்டேன். "ஆக்கள் பார்ப்பாங்க தங்கச்சி" என்றார் அக்கா. சேருக்குப் பள்ளிக்கூடம் விட்டால் டியூஷன் வகுப்பு. சரி, வீட்டிலேயே நடக்கட்டும் என்பது நியாயமான முடிவுதான்.

மெஷினுக்கு எதிரே சுவரில் மகன் அனுப்பிய அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தது. 220இலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு. அதில் 70 முதல் 80 வீதம்வரை போனால் நல்ல பயிற்சி. சேருக்கு உச்சம் 164, அதில் 80 வீதம் 131. அக்காவுக்கு உச்சம் 169, அதில் 80 வீதம் 135. அதோடு மகன் தொலைபேசியில் ஒரு வசனம் சேர்த்துச் சொல்லியிருந்தார்: அப்பா 131ஐத் தொடவேணும், அம்மா 135ஐத் தாண்டக்கூடாது. ஒரே அட்டவணை ஒருவருக்கு இலக்காகவும் மற்றவருக்கு எல்லையாகவும் ஆகிப்போனது.

முதல் மூன்று வாரம்

சேர் முதல் நாள் மணிக்கு 5.5 கிலோமீற்றர் வேகத்தில் நடந்தார். வாட்ச் 88 காட்டியது. லேசாக மூச்சு வாங்கியது, நன்றாக வேர்த்தது. ஆனால் அட்டவணைப்படி 88 என்றால் பயிற்சிக் கணக்கிலேயே வராது. ஆகவே வேகத்தைக் கூட்டினார். அடுத்த வாரம் ஏற்றத்தையும் கூட்டினார். மூன்றாவது வாரம் 6.5 வேகம், 6 வீத ஏற்றம், இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி 119இல் நின்றார். "இன்னும் பன்னிரண்டுதான்" என்று சொன்னதாக அக்காவுக்கு ஞாபகம். கால் தளரவே சிவப்புப் பொத்தானை அமுக்கி நின்றுவிட்டார். நின்ற அரை நிமிடத்தில் கண் இருட்டி, குளிர்ந்த வேர்வை வழிய, கீழே குந்திவிட்டார். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டதாம். வெறும் வயிறு என்று முடிவு செய்து, அடுத்த நாள் வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு ஏறியிருக்கிறார்.

அக்காவின் கதை நேரெதிர். ஏறி மூன்று நாலு நிமிடத்தில் வாட்ச் 148 என்று காட்டி அதிரும். உடனே இறங்கிவிடுவார். "அண்ணனுக்கு வந்த மாதிரி எனக்கும் வந்திடுமோ எண்டு கையெல்லாம் நடுங்கும். மறுகா அதில ஏறவே மனம் வராது" என்றார். பத்து நாளில் அவருக்கு மெஷின் துணி காயும் கம்பியாகிவிட்டது.

நான் கண்டவை

தோள் பயிற்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டு இருவரையும் ஒவ்வொருவராக ஏற்றிப் பார்த்தேன்.

முதலில் அக்கா. வாட்ச் மணிக்கட்டு எலும்பின்மேல் தொளதொளவென்று தொங்கியது. அதே கையில் இரண்டு காப்பு வேறு. 5.5 வேகத்தில் நடந்தபோது, பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்தில் சின்னச் சின்ன அடியாக வேகமாக வைத்தார். வாட்ச் 148 காட்டியது. அடியை எண்ணினேன்: நிமிடத்துக்கு 146, 148, 148. அப்போதே சந்தேகம் வந்தது. வேகத்தைக் குறைத்து, பெருவிரலுக்குக் கீழே நாடி பிடித்து 15 விநாடி எண்ணினேன். 28 துடிப்பு, நாலால் பெருக்கினால் 112.

இந்த வாட்சுகள் பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்பி, இரத்தம் பாய்கிறபோது திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறைவதைப் பார்த்துத் துடிப்பை எண்ணுகின்றன. வாட்ச் தளர்ந்திருந்தால் கை ஆடுகிற ஆட்டமும் அந்த வெளிச்சத்தை அசைக்கும். ஆட்டம் ஒரே சீராக இருந்தால் அதையே துடிப்பு என்று எண்ணிவிடும். அக்கா பயந்தது தன் காலடிக் கணக்கைப் பார்த்து.

இன்னொரு தடயம் வாட்சின் பதிவிலேயே கிடந்தது. அவர் நின்ற ஒவ்வொரு முறையும் 148 என்ற எண் இரண்டொரு விநாடியில் 110க்கு விழுந்திருந்தது. இதயம் அப்படி விழாது. நடந்து நிறுத்தியவரின் துடிப்பு படிப்படியாகத்தான் இறங்கும்.

அடுத்தது சேர். வாட்ச் அவர் கையில் சரியாகத்தான் இருந்தது. விரலால் எண்ணியதும் வாட்ச் காட்டியதும் ஒத்துப்போயின. உட்கார்ந்திருக்கும்போது 56. பெரும்பாலும் தினமும் ஓடுகிறவர்களிடம் பார்க்கிற எண் அது, இவர் கதிரையில் இருந்து வினாத்தாள் திருத்துகிறவர். கிளினிக் கொப்பியைக் கேட்டேன். பிரஷருக்கு அம்லோடிபினோடு அட்டெனோலோல் 50 மில்லிகிராம் எழுதியிருந்தது, நாலு வருடமாக.

அட்டெனோலோல் பீட்டா தடுப்பு வகைக் குளிசை. இதயத்தை வேகப்படுத்தும் அட்ரினலினின் கட்டளையை அது பாதியில் மறிக்கிறது. ஓய்விலும் துடிப்புக் குறையும், உச்சமும் குறையும். 220 கணக்கு இந்தக் குளிசை போடாதவர்களுக்கே ஒரு உத்தேசம்தான். இவருக்கு அது பொருந்தவே பொருந்தாது.

"220இலிருந்து 56 போனால் 164. இதில என்ன பிழை வரும் மிஸ்?" என்று கேட்டார். கணித ஆசிரியரிடம் கணிதத்தில்தான் பேசவேண்டும். அந்தச் சூத்திரம் 1970களின் தொடக்கத்தில் பலருடைய அளவீடுகளின் ஊடாகக் கீறிய ஒரு சராசரிக் கோடு. அதன் நியம விலகல், அதாவது ஆட்கள் அந்தக் கோட்டிலிருந்து மேலும் கீழும் சிதறிக் கிடக்கிற அளவு, பத்துப் பன்னிரண்டு துடிப்பு. 2001இல் 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கிற கணக்கு ஒன்று வந்தது, அதுவும் சராசரிதான். நியம விலகல் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறியது. "அப்ப 152உம் சரி, 176உம் சரி. இதை ஒரு தனி ஆளுக்குப் போடேலாதே" என்றார். வகுப்பில் இதைப் பதினைந்து வருடம் படிப்பித்தவர் சுவரில் ஒட்டியிருந்த தாளில் மட்டும் பார்க்கவில்லை. மகன் அனுப்பியது என்பதால் இருக்கலாம்.

கண் இருட்டியதன் காரணமும் தெளிவானது. நடக்கிறபோது கால் தசைகள் இரத்தத்தை மேலே பிழிந்து தள்ளுகின்றன. சட்டென்று நின்றால் இரத்தம் காலிலேயே தங்கிவிடும், பிரஷர் விழும். வழக்கமாக இதயம் வேகமாகத் துடித்து அதைச் சமாளிக்கும். இவருக்கு அந்த வழியைக் குளிசை பாதி அடைத்து வைத்திருக்கிறது. மற்றக் குளிசையான அம்லோடிபின் நாளங்களை விரித்தும் வைத்திருக்கிறது. இப்படித்தான் இருக்கவேண்டும் என்பது என் ஊகம். ஆனால் 56 வயதில் உடற்பயிற்சியின்போது கண் இருட்டிய ஒருவரை ஊகத்தின்மேல் திரும்ப ஏற்ற முடியாது. வைத்தியர் பார்க்கும்வரை மெஷினில் ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் பிழை

ஐந்தாம் நாள் சேர் தொலைபேசியில் வந்தார். குரலில் சந்தோஷம். "மிஸ், இண்டைக்கு மெதுவாத்தான் நடந்தன், 118 வந்திட்டுது!"

ஏறவேண்டாம் என்றதைக் கேட்கவில்லை என்பது ஒன்று. அதைவிட மோசமானது, மூன்று நாளாக அட்டெனோலோலை நிறுத்தியிருந்தார். குளிசைதான் எண்ணைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது என்று விளக்கியவள் நான். அதைத் தானாக நிறுத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டேன்.

பீட்டா தடுப்புக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால், இத்தனை நாள் மறித்து வைத்திருந்தது திரும்பி வேகமாக வரும். துடிப்பும் பிரஷரும் எகிறும். இதய நாளத்தில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு அது நெஞ்சுவலியிலோ மாரடைப்பிலோ போய் முடியலாம். அன்று பின்னேரம் போய்ப் பார்த்தபோது பிரஷர் 168க்கு 100. நெஞ்சுவலி இல்லை, மூச்சுத்திணறல் இல்லை. அன்றிரவே வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். ஈசிஜி எடுத்தார்கள், மாற்றம் இல்லை. வைத்தியர் குளிசையைத் திரும்பத் தொடங்கினார். அதோடு எனக்கும் ஒரு சின்ன ஏச்சு விழுந்தது. வாங்கிக்கொள்ள வேண்டிய ஏச்சுதான்.

சோதனை

பிரஷர் அடங்கி இரண்டு வாரம் போனபின் இதய வைத்தியர் உடற்பயிற்சி ஈசிஜி செய்தார். மார்பில் வயர்களை ஒட்டி, ட்ரெட்மில்லில் ஏற்றி, மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே போவது. குளிசை போட்டபடியே செய்யச் சொன்னார். நோயைத் தேடுகிற சோதனை என்றால் குளிசையை நிறுத்திச் செய்வதும் உண்டு, அதுவும் வைத்தியரின் மேற்பார்வையில். இவர் தினமும் குளிசையோடுதான் நடக்கப்போகிறார், ஆகவே குளிசையோடு உள்ள உச்சம்தான் தேவைப்பட்டது.

ஏழு நிமிடம் 40 விநாடி நின்றார். களைத்து நிறுத்தியபோது துடிப்பு 128. ஈசிஜியில் குறை இல்லை. மெதுவாக நடந்தபடி ஆறியபோது முதல் நிமிடத்தில் 19 துடிப்பு இறங்கியது. 12க்கு மேல் இறங்கினால் நல்லது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள்.

அவருடைய உண்மையான உச்சம் 128. மூன்று வாரமாக அவர் துரத்திக்கொண்டிருந்த எண் 131.

அக்காவையும் வைத்தியர் பார்த்தார். தமையன் 55க்கு முன் மாரடைப்பில் போனவர் என்பதால் சும்மா விடவில்லை: ஈசிஜி, கொழுப்பு, சீனி எல்லாம் எடுத்தார்கள். சீனி எல்லையில் நின்றது, குளிசை தேவைப்படவில்லை. அளவான வேகத்தில் நடக்கத் தடையில்லை என்றார்.

சுவரில் இரண்டு அட்டை

பழைய தாளைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு அட்டை எழுதினோம். சேர்தான் கணக்குப் போட்டார். 1957இல் பின்லாந்துக்காரரான கார்வோனன் காட்டிய வழி அது: உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மிஞ்சுவதில் வீதம் எடுத்து, ஓய்வுத் துடிப்பைத் திரும்பக் கூட்டுவது. ஓய்வுத் துடிப்பைக் காலையில் கண் விழித்தவுடன், படுக்கையை விட்டு எழும்ப முன்னம், மூன்று நாள் எண்ணிச் சராசரி எடுக்கவைத்தேன்.

சேருக்கு ஓய்வில் 54, உச்சம் 128, வித்தியாசம் 74. அளவான பயிற்சிக்கு 40 முதல் 60 வீதம்: 84 முதல் 98வரை. முதல் நாள் வந்த 88 இதற்குள்தான் கிடக்கிறது. அன்றைக்கே எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

அக்காவுக்கு ஓய்வில் 74. உச்சத்தை அளக்கவில்லை, ஆகவே 208 கணக்கில் 172 என்று உத்தேசமாக வைத்தோம். வித்தியாசம் 98, அளவான பயிற்சி 113 முதல் 133வரை. பயந்து இறங்கிய நாட்களில் அவருடைய உண்மையான துடிப்பு 112. பயிற்சி தொடங்குகிற வாசலிலேயே ஒவ்வொரு நாளும் இறங்கியிருக்கிறார்.

எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்று அட்டையின் கீழே மூச்சுக் கணக்கையும் எழுதினோம். அக்கா தேவாரம் பாடுகிறவர். மூச்சு முட்டாமல் ஒரு தேவாரத்தை இழுத்துப் பாட முடிந்தால் வேகம் போதாது. பாட முடியாது, ஆனால் கதைக்க முடியும் என்றால் சரியான வேகம். மூன்று சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு எடுக்கவேண்டி வந்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும். சேருக்கு, உடம்பு எவ்வளவு கஷ்டப்படுகிறது என்பதற்கு 6 முதல் 20வரை எண் கொடுக்கிற போர்க் அளவுகோலைச் சொல்லிக்கொடுத்தேன்; 11க்கும் 13க்கும் இடையில், அதாவது "லேசு" என்பதற்கும் "கொஞ்சம் கடினம்" என்பதற்கும் இடையில் நிற்கவேண்டும். பீட்டா தடுப்புப் போடுகிறவருக்கு எண்ணும் உடம்பும் முரண்பட்டால் உடம்பு சொல்வதைக் கேட்கவேண்டும்.

அக்காவின் காப்பு மற்றக் கைக்குப் போனது. வாட்சை எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கினோம். அதற்குப் பிறகு விரல் கணக்குக்கும் வாட்சுக்கும் மூன்று நாலு துடிப்புத்தான் வித்தியாசம். மார்பில் கட்டுகிற பட்டி இதயத்தின் மின்சாரத்தையே எடுப்பதால் துல்லியம் கூட. மகன் அதை அனுப்பத் தயாராக இருந்தார். தேவையில்லை என்றேன். பெருவிரல் பக்கத்து நாடியை எண்ணத் தெரிந்தால் அதுவே காவல்.

நடை 30 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள். முதல் ஐந்து நிமிடம் 3 கிலோமீற்றர் வேகம், கடைசி ஐந்து நிமிடமும் அப்படியே. சிவப்புப் பொத்தான் அவசரத்துக்கு மட்டும். அக்கா முதல் வாரம் மொத்தமே 12 நிமிடம்தான், அதுவும் நான் பக்கத்தில் நின்று. கம்பியில் தொங்கக்கூடாது என்பது சேருக்குச் சொன்னது: ஏற்றத்தில் கம்பியைப் பிடித்தால் உடம்பின் பாரம் கைக்குப் போய்விடும், அவர் ஏறியது பாதி ஏற்றம்தான். நெஞ்சை அமுக்குகிற வலி, கைக்கோ தாடைக்கோ ஏறும் வலி, மயக்கம் வந்தால் நிறுத்தி 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கவும் என்பது இரண்டு அட்டையிலும் சிவப்பு மையில்.

பின்னர் நடந்தது

ஜூலையில் கச்சான் காற்று, அந்த வறண்ட சூட்டுக் காற்று, அடித்துக்கொண்டிருந்தது. மேல்மாடிக் கூரை அஸ்பெஸ்டஸ் சீற். பின்னேரம் அறைக்குள் போனால் முகத்தில் வெக்கை அடிக்கும். சேர் இரண்டு நாள் கணக்கு எழுதிக் காட்டினார். காலை 5.30க்கு 5.5 வேகத்தில் பத்தாம் நிமிடம் 86, இருபத்தைந்தாம் நிமிடம் 89. பின்னேரம் 4.30க்கு அதே வேகத்தில் 93, 103. வேலை கூடவில்லை, வெக்கைதான் கூடியது. உடம்பு சூட்டை வெளியேற்றத் தோலுக்கு இரத்தத்தை அனுப்புகிறது, வேர்வையில் தண்ணீரும் போகிறது. ஒரு துடிப்பில் தள்ளுகிற இரத்தம் குறையக் குறைய இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. மெஷினைக் கீழே மண்டபத்துக்கு இறக்கினார்கள். நாலு பேர் தூக்கினார்கள். படிக்கட்டில் ஒரு ஓடு உடைந்தது. மேலே மெஷினுக்குப் பின்னால் இரண்டடிதான் இடம் இருந்தது, விழுந்தால் சுவரில்தான் மோதவேண்டும். கீழே ஆறடிக்கு மேல் விட்டோம்.

ஆகஸ்டில் ஒரு நாள் அக்கா நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்ப் பட்டி நின்றது. அன்று மெதுவாக ஆறுகிற நேரம் என்பதால் கம்பியைப் பிடித்துச் சமாளித்தார். அந்த ஐந்து நிமிட ஆறுதலை, மெஷின் நின்றுவிட்டால் மண்டபத்துக்குள் நடந்து முடிக்கவேண்டும் என்று அட்டையில் ஒரு வரி கூடியது.

பன்னிரண்டாம் வாரம் சேர் 5.5 வேகத்தில் 4 வீத ஏற்றம், துடிப்பு 94. முன்பு சமதரையில் வந்த அளவோடு பார்த்தால் வேலை ஒன்றரை மடங்கு. அக்கா 30 நிமிடம் முழுதாக நடந்தார், 118க்கும் 126க்கும் இடையில், அடியும் நீண்டிருந்தது. சேரின் கிளினிக் பிரஷர் 150க்கு 94இலிருந்து 136க்கு 86 ஆனது. இதை நடைக்கு மட்டும் எழுதிவைக்க மாட்டேன். நடந்த கலவரத்துக்குப் பிறகு அவர் ஒரு நேரக் குளிசையையும் விடவில்லை, அக்கா கறியில் உப்பையும் குறைத்திருந்தார்.

ஒக்டோபரில் வைத்தியர் அட்டெனோலோலை 25 ஆகக் குறைத்தார். பத்து நாளில் ஓய்வுத் துடிப்பு 61 ஆனது, அதே நடைக்கு 94 வந்த இடத்தில் 103. அட்டையைத் தாண்டிவிட்டது. இந்த முறை சேர் எதையும் மாற்ற முன்னம் தொலைபேசி எடுத்தார். அட்டையின் தலைப்பில் குளிசையின் பெயர், அளவு, திகதி மூன்றும் எழுதியிருந்தோம். 50 மில்லிகிராமுக்குப் போட்ட கணக்கு 25க்குச் செல்லாது. புதிய உச்சம் தெரியாதபடியால் எண்களை வெட்டிவிட்டு, அடுத்த சோதனைவரை மூச்சுக் கணக்கிலேயே நடக்கச் சொன்னேன்.

மாற்றிச் செய்யவேண்டியவை

குளிசை துடிப்பைக் குறைக்கிறது என்று வாயைத் திறக்க முன்னமே, அதை நிறுத்தக்கூடாது என்பதைச் சொல்லியிருக்கவேண்டும். ஆளையும் திரும்பச் சொல்லவைத்திருக்கவேண்டும். கண் இருட்டிய ஒருவரை "வைத்தியரிடம் போங்கோ" என்று வாயால் சொல்லிவிட்டு ஐந்து நாள் விட்டதும் தவறு. அன்றைக்கே நேரம் எடுத்துக் கொடுத்திருந்தால் அந்த மூன்று நாள் நடந்திராது.

மகனையும் முதலிலேயே பேச்சில் சேர்த்திருக்கலாம். அவர் வாட்சின் பதிவைக் கனடாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். 148 இரண்டு விநாடியில் 110க்கு விழுவதை நான் பார்க்க முன்னமே அவர் கண்டிருக்கலாம், என்ன தேடவேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால். ஆகஸ்டில்தான் அவரோடு கதைத்தேன். அப்பாவின் குளிசைப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது ட்ரெட்மில் உள்ள வீட்டுக்குப் போனால் மெஷினைப் பிறகுதான் பார்க்கிறேன். முதலில் குளிசைப் பெட்டியையும் கிளினிக் கொப்பியையும் மேசையில் வைக்கச் சொல்கிறேன், அப்புறம் வாட்ச் கட்டியிருக்கிற கையை.